ரோண்டா வீட்டு இரும்புப் பெட்டி

சனிக்கிழமை காலை, ஆறு வயது மகன் ட்ராவிஸை விளையாட விட்டுப் போக வந்த மார்லா, ரோண்டாவின் வாசலிலேயே நின்றாள். பையன் உள்ளே ஓடி, ரோண்டாவின் மகனோடு கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"அவன் துணிப் பையைக் குடு, உள்ள வைக்கிறேன்" என்று ரோண்டா கை நீட்டினாள். மார்லா பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே ரோண்டா. உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

"பிள்ளையை விளையாட விடுற அம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க. இருக்கு, மான் வேட்டைக்கு. அமெரிக்க அரசியல் சாசனம் குடுத்த உரிமை. சட்டம் போட்டுப் பிடுங்கணும்னு கத்துற கூட்டத்துல நீயும் சேர்ந்துட்டியா?"

"பூட்டி வச்சிருக்கியா?"

"சந்தேகத்தைப் பாரு! வா, காட்டுறேன்."

படுக்கையறை மூலையில் ஆளுயர இரும்புப் பெட்டி நின்றது. மார்லா கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

"சாவி?"

"என் கழுத்துல. குளிக்கும்போதும் கழட்ட மாட்டேன். இப்பவாவது பையனை நம்பி விடுவியா?"

"இதுல இன்னும் ஒண்ணு வைக்க இடம் இருக்கா?"

மார்லா பையைத் திறந்தாள். பையனின் சட்டைகளுக்கு அடியில், துண்டில் சுற்றிய கைத்துப்பாக்கி இருந்தது.

"என் புருஷனோடது. பூட்டி வைங்கன்னா, தலகாணிக்கு அடியில வைக்கிறது என் உரிமைங்கிறார்."

ரோண்டாவின் குரல் இறங்கியது. "குண்டை எடுத்துட்டியா?"

"எனக்கு எடுக்கத் தெரியாது, ரோண்டா. காலையில ட்ராவிஸ்தான் எடுத்துக் காட்டினான். திரும்பப் போட்டும் காட்டினான்."