நடந்தவை என்ற கோப்புறை

கடலில் கிடந்த ஒரு புயலை ஒரு நாள் முன்னதாகவே கரைக்கு இழுத்து வந்தவன் நான். அதுவும் ஒற்றை விரலால்.

வானிலை அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக் கணினியில் தினமும் வரைபடம் போடுவேன். அன்று நாளைய புயல் வரைபடத்தைச் சேமிக்க முடியவில்லை. ‘முன்னறிவிப்பு’ கோப்புறையில் இடமில்லையாம். சரி, பக்கத்து வீடுதானே என்று ‘நடந்தவை’ கோப்புறையில் போட்டுவிட்டேன். முப்பத்தேழு வருட சர்வீஸில் செய்யாத தப்பு. சேமித்ததும் திரையிலிருந்த சிவப்புச் சுழி தானாகவே சுற்ற ஆரம்பித்தது.

கடற்கரையில் நின்ற பழைய சகா ஸ்தனிஸ்லாஸுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, புயல் இன்றைக்கே வருகிறது என்றேன். புயல் நாளைக்குத்தானே என்று அவர் மகன் காலையில்தான் படகேறிப் போயிருந்தான்.

“சும்மா ரீல் விடுதீரு ஓய்! கடலு தாம்பாளம் மாதிரி கெடக்கு.”

கோப்பை நீக்கப் பார்த்தேன். ‘நடந்ததை நீக்க இயலாது’ என்றது கணினி. மறுபடி அழுத்தினேன். அதே பதில்.

போனில் அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. காற்று ஊளையிட்டது.

“அழிச்சுடும் ஓய்! எப்படியாவது அத அழிச்சுடும்!”

விரல் வலிக்க அழுத்திக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவர் குரல் வந்தது.

“நெசந்தான் ஓய். படகு வந்துட்டு. படகு மட்டும்.”