திறக்காத ஏர்பேக்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இழுவை வண்டி ஓட்டும் என் அத்தான் சொன்னது.

ஃப்ரெஸ்னோ நகருக்குத் தெற்கே, விபத்து வண்டிகளை நிறுத்தும் யார்டு. நெற்றியில் கட்டோடு யூலாலியா தன் நசுங்கிய காருக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்காகக் கத்திக்கொண்டிருந்தவர் ஃபெர்மின். கார் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்தக் காரைத் தேடி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“ஏன்யா, உனக்குக் கண்ணு இருக்கா?”

கேட்டது இன்சூரன்ஸ் ஆய்வாளர் பெட்ரோசியனை. காரை ‘பழுதுபார்க்க முடியாதது’ என்று அவர் எழுதப்போகிறார்.

“சும்மா ‘சேதமானது’ன்னு எழுது. ரெண்டே வாரத்துல ஓட விடுறேன்.”

“முடியாது.”

“அவ கார்யா! வச்சுக்க உரிமை இல்லையா?”

“தாராளமா வச்சுக்கலாம். கதவு, சீட்டுன்னு கழட்டி விக்கலாம். ரோட்டுல மட்டும் ஓட்ட முடியாது. இனி எப்பவும், யாரும்.”

“அப்ப திராட்சை பேக் பண்ற ஷெட்டுக்கு வேலைக்கு இவ நடந்தா போவா? விடியக்காலத்துல உங்கப்பனா பஸ் ஓட்டுறான்? என் ஞானமக இதுலதான்யா ஸ்கூலுக்குப் போறா!”

தோளில் கிடந்த மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, கார் இல்லாட்டி என் வேலை போயிடும்” என்றாள் யூலாலியா.

பெட்ரோசியன் அவள் நெற்றியைப் பார்த்தார். “எதுல இடிச்சுது?”

“ஸ்டியரிங்ல.”

“ஏர்பேக்?”

“திறக்கலை.”

“கேட்டுக்க!” ஃபெர்மின் குதித்தார். “ஏர்பேக்கே திறக்கலைன்னா எவ்ளோ லேசான அடி! அதுக்குப் போய் ஒரு ஏழை வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?”

யார்டில் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. அத்தான் போய் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாராம்.

“எழுதிட்டு எப்படி வெளிய போறேன்னு பாக்குறோம்!”

பெட்ரோசியன் காருக்குள் குனிந்தார். ஸ்டியரிங் நடுவிலிருந்த மூடியைத் திருப்புளியால் நெம்பினார். உள்ளே ஏர்பேக் இல்லை. துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

அதை உருவி யூலாலியாவிடம் கொடுத்தார். “இனி யாரும் இதுல உக்காரக் கூடாதும்மா. அதுக்குத்தான் அப்படி எழுதுறேன்.”

அவள் துணியை விரித்தாள். பிறகு ஃபெர்மினைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதனால் மறுவாரம் நானே யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கார் அங்கேயே நின்றது. துணியும் சீட்டில் கிடந்தது.

மஞ்சள் துணி. மூலையில் ஃபெர்மின் பட்டறையின் பெயர்.