நாலாவது தையல்

கருக்குழாயில் தங்கிவிட்ட ஆறு வாரக் கருவை, வலப்பக்கக் குழாயோடு எடுத்து எட்டு நாளாகிறது. லாவண்யாவால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முகப்பேர் ஃபிளாட்டின் ஹாலில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே இருந்தாள்.

தையல் பிரிக்க எதிர்வீட்டு நர்ஸ் ஜெபா வந்தாள். டிஸ்சார்ஜ் தாளில் வயிற்றில் மூன்று துளை, மூன்று தையல் என்றிருந்தது. லாவண்யாவைப் படுக்கவைத்து, கறுப்பு நூல் மூன்றையும் பிரித்துப் பஞ்சில் வரிசையாக வைத்தாள். பிறகு பாவாடையைச் சற்று இறக்கினாள்.

"இன்னா லாவண்யா, இங்க ஒண்ணு கீது?"

"மூணுதான்க்கா போட்டாங்க. காலைல குளிக்கறப்பகூட மூணுதான் இருந்துச்சு."

வலப்பக்கம், குழாயை எடுத்த இடத்துக்கு நேர் மேலே, வெள்ளை நூலில் ஒரு தையல். ஜெபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சைத் தேடினாள். வெளியே முடிச்சே இல்லை. நூலின் இரண்டு முனைகளும் உள்ளே போயிருந்தன.

"உள்ளேர்ந்து போட்ட மாதிரி கீது," என்றாள். "வெட்டிடவா?"

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் மெல்ல உள்ளே இழுபட்டு இறுகியது.

லாவண்யா கத்தரிக்கோலைப் பிடித்த ஜெபாவின் கையை விலக்கினாள். எட்டு நாளில் முதல் முறையாக அவள் உடம்பு அசையாமல் கிடந்தது.

"வேணாம்க்கா," என்றாள். "இன்னும் தைச்சு முடிக்கல."