மெஷினை விடுங்கப்பா!

“அப்பா, மெஷினை விடுங்க. ஆளைப் பாருங்க!”

தமிழ்மதி தன் போனை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். திருமலைச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மேசை மேல் இருந்த பழைய கம்ப்யூட்டர் பெரிதானது. அதன் பக்கத்தில் நின்ற பெண், படத்துக்கு வெளியே போய்விட்டாள்.

“ஏலே செல்வம், இங்க வா. மேல் வரிசைல செவப்புப் பட்டன் தெரியுது பாரு. பிபிசி மைக்ரோதான?”

செல்வமுருகன் டீ டம்ளரோடு எழுந்து வந்தார். இருவரும் சேர்ந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பல வருஷம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர்கள். அதை மூடிய பிறகு, பழைய மெஷின் படங்களைப் போட்டு ‘இது என்ன மாடல்?’ என்று சண்டை போடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பொழுதுக்கும் விழுந்து கிடந்தார்கள். அப்பாவிடம் நாலு வார்த்தை எடுத்துச் சொல்வார் என்றுதான் தமிழ்மதி செல்வமுருகனை வீட்டுக்கு வரச் சொன்னாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது புரிந்தது.

“பிபிசி மாதிரிதான் இருக்கு. ஆனா இது சண்டிகர்ல செஞ்ச யூனிகார்னுய்யா.”

“போய்யா. மெஷின் மேல பேரே தெரியல, எப்படிச் சொல்ற?”

“பேரு தெரியலைன்னா நீ மட்டும் எப்படிப் பிபிசிங்கற?”

“மாமா, நீங்களுமா?” என்றாள் தமிழ்மதி.

“இரும்மா. வெரசாக் கண்டுபிடிச்சுடறோம்.”

“கண்டுபிடிக்க என்ன கெடக்கு? பேரு மகாதேவி. ஊரு கன்னிவாடி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். என்கூட வேலை பாக்குற புவனாவுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை பூம்பாறைக் கோயிலுக்கு வர்றாங்க, அங்கயே பாத்துக்கலாமான்னு கேக்குறாங்க. இன்னைக்குப் பதில் சொல்லணும்.”

“கணக்கு டீச்சரா?” திருமலைச்சாமி நிமிர்ந்தார்.

தமிழ்மதிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. “ஆமாப்பா.”

“அப்ப இது ஸ்கூல் மெஷின்தான் செல்வம். எண்பத்தஞ்சு வாக்குல ஸ்கூலுக்கெல்லாம் பிபிசியத்தான் குடுத்தாங்க.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் கவனிக்கவில்லை.

“கேசட்டைப் போட்டுப் புரோகிராம் ஏத்துவோமே, கீச்சு கீச்சுன்னு கத்துமே!”

“டீக்கடைக்குப் போயிட்டு வந்தாலும் ஏறி முடிஞ்சிருக்காது.”

“முடியற நேரம் பாத்துக் கரண்டு போயிரும்!”

“மழைக்காலம் வந்தா ஈரம் ஏறிப் படுத்துக்கும். குண்டு பல்பை எரியவிட்டு, கோழிக்குஞ்சுக்குக் காட்டுற மாதிரி சூடு காட்டுவோம்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ டம்ளர் சாய்ந்தது. அதைத் துடைக்கவும் தமிழ்மதிதான் எழுந்து போனாள்.

திரும்பி வந்து, படத்தில் முகம் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். அப்பாவின் விரல் மறுபடியும் அதை மெஷின் பக்கம் தள்ளியது. அவள் முகத்துக்கு நகர்த்தினாள். அவர் மெஷினுக்குத் தள்ளினார்.

“அப்பா! இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு இடத்தையும் இப்படித்தான் பேச்சை மாத்தி மாத்தி விட்டுட்டீங்க. நான் லீவு போட்டுட்டுக் கோயமுத்தூர்ல இருந்து வந்து உக்காந்திருக்கேன். அடுத்த மாசம் தம்பி விக்னேஷ் ஜெர்மனி கெளம்புறான். அதுக்குள்ள நல்லபடியா முடியணும்னு நான் அலைஞ்சுட்டு இருக்கேன். உங்களுக்கு மெஷின் சோலியே பெருசாப் போச்சா?”

அந்த நேரம் பார்த்துப் பெங்களூரில் இருந்து விக்னேஷே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னக்கா, அப்பா என்ன சொல்றாரு? எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குக்கா. அவர் ஒரு வார்த்தை சரின்னா போதும்.”

“உங்கப்பா அது என்ன மாடல்னு பாத்துட்டு இருக்காருடா.”

விக்னேஷ் பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. “ஏதாச்சும் செய்யிக்கா” என்று வைத்துவிட்டான்.

திருமலைச்சாமி தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா...”

“சொல்லுங்கப்பா.”

“அந்த மெஷின் இன்னும் ஓடுதாமா?”

அவ்வளவுதான். தமிழ்மதி போனை வெடுக்கென்று பிடுங்கினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“போதும்ப்பா. புவனாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். பாவம், அவங்க நல்ல மனுஷி. ஸ்கூல்ல தூக்கிப்போட இருந்த மெஷினை வீட்டுக்குக் கொண்டாந்து, பழுது பாத்து வச்சிருக்காங்களாம். உங்களுக்குப் புடிக்கும்னு அதோட நிக்கிற படத்தைக் கேட்டு வாங்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அவள் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

“இரும்மா,” என்றார் திருமலைச்சாமி அவசரமாக. “வெள்ளிக்கிழமை போவோம். சரின்னு சொல்லிடு.”

அவள் நம்பாமல் பார்த்தாள். “மொகத்தைக்கூட ஒழுங்காப் பாக்காம எப்படிப்பா சரிங்கறீங்க?”

“பாத்துட்டேன். வெள்ளனே போனை வச்சிட்டு நீ குளிக்கப் போனல்ல, அப்பவே பாத்துட்டேன்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நரைத்த மீசைக்கு மேலே கன்னம் சிவந்திருந்தது. “உங்கம்மா போயி இத்தனை வருஷம் கழிச்சு, பெத்த புள்ளைங்க ரெண்டு பேரும் எனக்குப் பொண்ணு பாத்து நீட்டுறீங்க. உங்க முன்னாடியே நான் எப்படிம்மா அந்த மொகத்தை உத்துப் பாக்குறது?”