வீட்டில் இல்லாத கணவன்

"புருஷன் பக்கத்துல இருந்தா பொம்பளைங்க உண்மை பேச மாட்டாங்களாம். புருஷன் இல்லாதப்பதான் இவரு கேள்வி கேப்பாராம்," என்றான் மொழிபெயர்ப்பாளன் யோகராஜ்.

ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடித்து வந்திருந்த சுமித்ரா, எதிரே அமர்ந்திருந்த வெள்ளைக்காரப் பேராசிரியரைப் பார்த்தாள். குகைக் காலம் தொட்டுப் பெண் எப்படி ஆணைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று முப்பது நாடுகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, இப்போது ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார்.

"வீட்டுல இல்லைன்னே எழுதிக்கச் சொல்லுங்க."

"எப்படிப்பட்ட ஆம்பளை புடிக்கும்?"

"கசிப்பு குடிக்காத ஆளு. சோறாக்கத் தெரிஞ்ச ஆளு. எங் கொழுந்தன் மாதிரி."

யோகராஜுக்கு வியர்த்தது. "கொழுந்தனையும் சொல்லணுமா?"

"சொல்லுங்க. சம்பளம் அதுக்குத்தானே."

சொன்னான். கணவன் இல்லாவிட்டால் பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் என்று பேராசிரியர் பூரித்துப்போய் எழுதிக்கொண்டார். பிறகு இன்னொன்றும் கேட்டார்.

யோகராஜ் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு ஒம் புருஷனைப் பேட்டி எடுக்கணுமாம். நான் யாருன்னு தெரிஞ்சா வேலை போயிரும், சுமித்ரா."

அவள் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

"இங்கிலீசுல சொல்ல நீங்க வேணுமே. புருஷனா ஒங்க தம்பியை அனுப்பி வைங்க, என்னங்க."