வலை

காக்கை வடகத்தைக் கொத்திவிடும் என்றுதான், தோட்டத்தில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் டிராம்போலினைச் சுற்றிக் கட்டியிருந்த வலையைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாள் பூங்கோதை. பிள்ளைகள்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்களே, அவர்கள் வருவதற்குள் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு அரைநாள் பள்ளி என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. பக்கத்து வீட்டு ஷெர்லின் வந்ததும் வராததுமாக ஏறிக் குதித்தாள். குதித்து அலுத்தால் வலையில் முதுகைச் சாய்ப்பது அவள் வழக்கம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள், பாவம். அலறல் கேட்டு ஓடிவந்த தாய் ஜெசிந்தா பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அந்த நேரத்தில் வலையையா பார்ப்பாள்? ஆட்டோ தெருமுனை திரும்பியதும் பூங்கோதை மாடிக்கு ஓடினாள். வலையை உருவிவந்து, பழையபடி கட்டிவைத்தாள்.

சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு இருந்த மகளை இழுத்துக்கொண்டு வந்துநின்றாள் ஜெசிந்தா.

"பாருங்கக்கா, இத்தனை ஒசர வலையை ஏறித் தாண்டியிருக்கு இந்தக் குரங்கு. ஆன்ட்டிகிட்ட மன்னிப்புக் கேளுடி."

"வலை இல்லம்மா."

"கண்ணு முன்னாடி நிக்குது, இல்லைங்கற? பொய் வேறயா?"

ஷெர்லின் வலையை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் குழம்பியது.

"நான் குதிச்சப்ப இருந்துச்சா ஆன்ட்டி?"

ஜெசிந்தா அடிக்கக் கை ஓங்கினாள். பூங்கோதை பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவும் முடியவில்லை, நடந்ததைச் சொல்ல வாயும் வரவில்லை.