சேஷன் வீட்டுக் கைலாசம்

"கல்லா? வேலைக்காரி கொண்டுவந்த கல்லா? நம்மாத்துலயா?"

சேஷன் ஷேவிங் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. ஜனக்புரியில் இரண்டாவது மாடி ஃபிளாட். மூடநம்பிக்கை என்றால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும், அதாவது அடுத்தவர்களுடைய மூடநம்பிக்கை.

"பவுனு ஊர்ல சடையன் மலைன்னு ஒண்ணு இருக்காம். பொழைக்க வெளியூர் போறவா அடிவாரத்துலேர்ந்து ஒரு கல்லை எடுத்துண்டுதான் போவாளாம். திரும்பி வரச்சே அதே கல்லை அங்கேயே கொண்டுபோய் வெச்சுடணுமாம்," என்றாள் ராஜலக்ஷ்மி.

"வெக்கலேன்னா?"

"கல்லு திரும்பலேன்னா ஆளும் திரும்ப மாட்டானாம். ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வரப்போறதுன்னு ஹோட்டல் கட்டறாளோல்லியோ, அங்கே இவ புருஷன் வடிவேலு ஆறு மாடி உசரத்துல சாரத்து மேல நின்னுண்டு வேலை பண்றான். தினம் அவன் வந்து சேர்ற வரைக்கும் இவளுக்கு உசிரே இல்லை. இவா இருக்கற ஜுக்கிக் குடிசையையோ எப்ப வேணாப் பிரிச்சுப் போட்டுடுவான்கள். பத்திரமா வெச்சிருங்கம்மான்னு அழறா."

"அச்சா. கல்லு வந்து அவனைத் தாங்கிப் பிடிக்குமாக்கும்." பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பவுனுவுக்குக் கேட்கட்டும் என்றே சேஷன் குரலை உயர்த்தினார். "மனுஷன் சந்திரனுக்கே போயிட்டு வந்தாச்சு. அங்கேர்ந்தும் கல்லுதான் கொண்டுவந்தான், ஆராய்ச்சி பண்ண. மடியில கட்டிண்டு அழறதுக்கில்லை. சாயங்காலம் நான் வரச்சே அது இந்தாத்துல இருந்தா, தூக்கி நாலாவுல போட்டுடுவேன்."

வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடைக்கு டெல்லியில் அப்படித்தான் பெயர்.

பவுனு தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தாள்.

சாயங்காலம் சேஷன் வந்தார். கைகால் அலம்பிக்கொண்டு, விபூதி எடுக்கலாமென்று பூஜை அலமாரியைத் திறந்தால், சுவாமி படங்களுக்கு நடுநாயகமாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு. தொட்டுப் பார்த்தார். கல்.

எத்தனை திமிர் இருந்தால் இங்கேயே கொண்டுவந்து வைப்பாள்! சமையலறை ஜன்னலைத் திறந்தார். ஒரே வீச்சு. கீழே சாக்கடையில் பொளக்கென்று சத்தம் கேட்டது.

மொட்டை மாடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு வந்த ராஜலக்ஷ்மி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதை எறிஞ்சேள்?"

"உன் சடையன் மலையை. மிதக்கறதான்னு போய்ப் பாரு."

அவள் திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஒரு வேலைக்காரிக்காக இவளுக்கு இத்தனை துக்கமா என்று சேஷனுக்கு எரிச்சலாக வந்தது.

"அது கிடக்கட்டும். பட்டாபி வந்தானா?"

பட்டாபி அவருடைய ஆபீஸ் சிநேகிதர். வெகுகாலம் மூடிக் கிடந்த கைலாச யாத்திரைக்கு அந்த வருஷம்தான் வழி விட்டார்கள். பட்டாபிக்கு இடம் கிடைத்தது, சேஷனுக்குக் கிடைக்கவில்லை. "எனக்காக அங்கேர்ந்து ஒரு கல்லாவது கொண்டுவாடா" என்று வழியனுப்பப் போன இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை.

"மத்தியானமே வந்து குடுத்துட்டுப் போனார்," என்றாள் ராஜலக்ஷ்மி. சற்றுப் பொறுத்து, "இருங்கோ, அலம்பிக் கொண்டுவரேன்" என்று உள்ளே போனாள்.

வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கருங்கல். சேஷன் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாரை தாரையாகக் கண்ணீர்.

"பாத்தியாடி, என்ன தேஜஸ். தொட்டாலே உடம்பு சிலிர்க்கறது. அவ கொண்டுவந்ததும் கல்லு, இதுவும் கல்லா?"

"நன்னாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

அன்றிலிருந்து தினமும் பாலாபிஷேகம். ஞாயிற்றுக்கிழமையானால் ஜனக்புரித் தமிழர்களின் கூட்டம். எதிர் பிளாக் மீனாக்ஷி மாமிக்கு மூட்டுவலி குறைந்ததாம். ராமசுப்ரமணியன் பெண்ணுக்கு வரன் குதிர்ந்ததாம். வந்தவர்களுக்குத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே, கண்ட கல்லையும் மண்ணையும் கும்பிடும் பாமர ஜனங்களைப் பற்றி சேஷன் ஐந்து நிமிஷம் பேசாமல் விடமாட்டார்.

அவர்கள் குடித்த காபி டம்ளர்களைப் பவுனு தேய்த்தாள். தன் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்று சேஷனுக்குப் பெருமை.

ஒரு வருஷம் ஓடியது. ஹோட்டல் கட்டி முடிந்தது. ஒரு நாள் காலை பவுனுவும் வடிவேலுவும் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"ஊருக்குப் போறோம்மா. மத்தியானம் ரயிலு. கல்லக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவோம்."

சேஷன் பேப்பரை மடித்தார். "அது நாலாவுல போய் ஒரு வருஷமாச்சு. டிக்கெட் இருக்கோல்லியோ? ரயில்ல டிக்கெட்டைத்தான் கேப்பான், கல்லைக் கேக்க மாட்டான். ஜல்தி கெளம்புங்கோ."

வடிவேலு தூக்கிய தகரப் பெட்டியைக் கீழே வைத்தான். பவுனு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களேம்மா. இப்ப நாங்க எப்படி ஊரு போய்ச் சேருவோம்?"

"இருக்குடி," என்றாள் ராஜலக்ஷ்மி.

நேரே பூஜை அலமாரிக்குப் போனாள். வெள்ளித் தட்டிலிருந்த கல்லை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்து, பவுனுவின் முந்தானையில் போட்டாள்.

பவுனு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "எங்க கல்லுதான். என்னம்மா, பால் வாடை அடிக்குது?"

சேஷன் பதறி எழுந்தார். "அடியே, உனக்கென்ன பைத்தியமா? அது கைலாசம்டி."

"கைலாசத்தை நீங்கதான் அன்னிக்கே மஞ்சத்துணியோட நாலாவுல எறிஞ்சுட்டேளே," என்றாள் ராஜலக்ஷ்மி. "இவ கல்லை நான் அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒரு வருஷமா நீங்க விழுந்து விழுந்து நமஸ்காரம் பண்ணினது இவா சடையன் மலைக்கு."